என்னாச்சு? - ‘ஒண்ணுமில்ல!’

ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கணவர் வீட்டுக்குள் நுழைகிறார். செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது.

“என்னங்க, என்னாச்சு? ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா?”

“ஒண்ணுமில்ல. வெயில்ல அலைஞ்சது, தலைவலி.”

சாப்பாடு, டி.வி., தூக்கம். விஷயம் ஒருநாள் வேறு வழியாக வீட்டுக்கு வந்துசேரும். வங்கியிலிருந்து நகை ஏல நோட்டீஸாக வரலாம். கல்யாண வீட்டுப் பந்தியில், கூட வேலை பார்த்தவரின் மனைவி, “அண்ணனுக்கு வேலை போனதுலேர்ந்து எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்று அக்கறையாகக் கேட்கலாம். வேலை போனதைவிட, ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியாமல் போனதுதான் அந்தப் பெண்ணுக்குச் சுடும்.

இது ஆண்கள் மட்டும் செய்கிற காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் ‘பையனுக்கு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிற அம்மாக்களை எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். சம்பளம் வராத வளைகுடா வேலையில், பத்துப் பேர் படுக்கிற அறையில் குபூஸ் ரொட்டியைத் தின்றுகொண்டு, வாட்ஸ்அப் வீடியோவில் “நல்லா இருக்கேம்மா, இன்னைக்கு பிரியாணி” என்று சிரிக்கிற பிள்ளைகள் உண்டு. புகுந்த வீட்டில் என்ன நடந்தாலும் “எல்லாரும் நல்லா பார்த்துக்கறாங்கப்பா” என்று போனை வைக்கிற பெண்கள் உண்டு.

இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை. ‘அவங்க தாங்க மாட்டாங்க’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். கேட்கப் பாசமாக இருக்கிறது. கொஞ்சம் உரசிப் பார்த்தால், அதற்குள் ஒரு தீர்ப்பு இருப்பது தெரியும். உனக்குத் திடம் போதாது என்று எதிராளியைக் கேட்காமலேயே முடிவு கட்டியாயிற்று. தன் பலவீனத்தை மறைப்பவர், கூட இருப்பவரின் பலத்தையும் சேர்த்தே மறுக்கிறார்.

நெருங்கிய உறவில் எவ்வளவு திறந்து பேசுவது, எவ்வளவு திடமாக நிற்பது என்ற கேள்விக்கு ‘மனசு விட்டுப் பேசுங்க’ என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். யூடியூபில் தினமும் யாராவது சொல்கிறார்கள். ஆனால், மனசு விட்டுப் பேசியதாலேயே மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கிடைத்த காதுகளிலெல்லாம் கொட்டித் தீர்த்து, சுற்றியிருப்பவர்களைச் சோர்ந்துபோக வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் படுவது இது: குடும்பத்தில் ஒருவர் சாய்வதும் இன்னொருவர் தாங்குவதும் முறை மாறி மாறி நடக்க வேண்டிய காரியம். நம் வீடுகளில் அந்த முறை மாறுவதில்லை. சாமி பல்லக்கைத் தூக்குகிறவர்கள்கூட வீதிக்கு வீதி தோள் மாற்றிக்கொள்கிறார்கள். அப்பாக்கள் கல்யாணத்தன்று தோள் கொடுத்தால், தள்ளாத வயது வரை அதே தோள்தான்.

அப்பா என்றால் அழக் கூடாது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. பத்துக்கு ஏழு பேருக்கும் மேல். மாநிலவாரியாகப் பார்த்தால் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு, 19,834 பேர். காரணங்களின் பட்டியலில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்னை, 31.7 சதவீதம். அடுத்தது நோய், 18.4 சதவீதம். போலீஸ் ஆவணத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். எந்த உயிரும் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும், வீட்டுக்குள் பேசித் தீராத ஏதோ ஒன்று இத்தனை ஆண்களை அழுத்தியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

‘ஆம்பளப் புள்ள அழலாமா?’ என்பதில் தொடங்குகிறது பாடம். ஐந்து வயதில் முழங்கால் சிராய்த்துக்கொண்டு ஓடிவரும் பையனுக்குச் சொல்கிறோம். நாற்பத்தைந்து வயதில் வேலை போய் வந்து நிற்கும்போது, அவன் அழுதால் நமக்கே பயமாக இருக்கிறது. சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ 2005இல் வந்தபோது, பிள்ளைகளுக்காகத் தேய்ந்துபோகும் அச்சக முதலாளியாக ராஜ்கிரணைப் பார்த்துத் தியேட்டரே கண் துடைத்தது. நல்ல படம். ஆனால், அந்த அப்பாவைப் பார்த்து அழுதோமே தவிர, இவர் ஏன் ஒரு நாளாவது உட்கார்ந்து புலம்பக் கூடாது என்று நாம் கேட்கவில்லை. கடனைத் தனக்குள் வைத்துக்கொள்வதுதான் தகப்பன் இலக்கணம் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இதற்கிடையே நம் ஆண்கள் தயங்காமல் அழுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. டாஸ்மாக் பார். மூன்றாவது ரவுண்டில், பெயர் தெரியாத பக்கத்து டேபிள்காரரின் தோளில் சாய்ந்து சொல்வதை, வீட்டில் காபி டம்ளரோடு உட்கார்ந்து சொல்லியிருந்தால் செலவும் மிச்சம், உடம்பும் மிச்சம்.

பெண்களின் கதை வேறு மாதிரி முடிச்சு. அவர்கள் அழலாம், அதற்குத் தடையில்லை. ஆனால், அழுதால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ‘அவ எப்பவும் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். முதலில் யாருமே பொருட்படுத்தாததால், நிஜமாகவே உடம்புக்கு முடியாதபோது சொல்வதை அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். ஆணுக்குக் கண்ணீர் மறுக்கப்பட்டது, பெண்ணுக்குத் திடம் மறுக்கப்பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டை நடத்த வேண்டும்.

பழைய இலக்கணம் ஒன்று இருந்தது

இதெல்லாம் நம் பண்பாடு, காலங்காலமாக இப்படித்தான் என்பவர்களுக்கு ஒரு செய்தி. தொல்காப்பியப் பொருளதிகாரம், ஊடல் நேரத்தில் மனைவி உயர்ந்து நிற்பதற்கும் கணவன் பணிந்து போவதற்கும் இடம் கொடுக்கிறது. விதிவிலக்காக முணுமுணுத்துக்கொண்டு கொடுக்கவில்லை; உரியது என்றே சொல்கிறது. மற்ற நேரத்தில் தலைவன் வீரன், பொருள் தேடப் பாலை கடந்து போகிறவன். வீட்டு வாசலில் மட்டும் அவன் குனியலாம். அதனால் அவன் தலைமைக்குக் குறைவில்லை. முறை மாறுவதை இலக்கணமாகவே எழுதி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

வள்ளுவர் இன்னொரு படி போகிறார். காமத்துப்பாலில் 126ஆவது அதிகாரத்துக்கு ‘நிறையழிதல்’ என்று பெயர். அடக்கி வைத்த மன உறுதி குலைந்துபோவதைப் பற்றிப் பத்துக் குறள். அறிவுரை ஏதும் கிடையாது. உறுதி குலைந்ததற்காகத் தலைவியைக் கண்டிக்கவும் இல்லை. ஒழுக்கத்தையும் அடக்கத்தையும் அறத்துப்பாலில் அவ்வளவு கறாராகப் பேசியவர், அன்புக்குரியவர் முன்னால் உறுதி நிற்காது என்பதை அப்படியே ஒத்துக்கொள்கிறார். அதையடுத்து ஆறு அதிகாரங்கள் தாண்டி, ஊடலின் மகிழ்ச்சியோடு நூலையே முடிக்கிறார்.

அகப்பாடல் மரபில் இதைவிட நடைமுறையான ஓர் ஏற்பாடு உண்டு. ‘அறத்தொடு நிற்றல்’ என்பார்கள். தலைவி தன் காதலைத் தோழியிடம் சொல்வாள். தோழி செவிலித்தாயிடம் சொல்வாள். செவிலி, பெற்றவளான நற்றாயிடம். நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். சொல்வதற்கே நடுங்குகிற ஒரு விஷயத்தை, ஒரே ஆளின் தலையில் ஒரே நாளில் இறக்காமல், கை மாற்றிக் கை மாற்றி வீட்டுக்குள் கொண்டுபோகிற வழி. யார் யாரிடம் எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பது வரை யோசித்திருக்கிறார்கள்.

இன்றைய இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் தோழியும் இல்லை, செவிலியும் இல்லை. பக்கத்து ஊரில் அக்கா இல்லை. அவள் நியூஜெர்சியில் இருக்கிறாள். மதியம் மூன்று மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி கேட்கிற அத்தை இல்லை. தோழி, செவிலி, தாய், மருத்துவர், வங்கி மேனேஜர் என்று அத்தனை வேஷத்தையும் கணவனோ மனைவியோ ஒருவரே கட்ட வேண்டியிருக்கிறது. கூட்டுக்குடும்பம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் மூச்சு முட்டியவர்களின் கதையும் தெரியும். ஆனால், கல்யாணத்தோடு சிநேகிதர்களைத் தொலைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் துணையையே எதிர்பார்ப்பது அந்த ஒரு ஆளுக்குச் செய்கிற அநியாயம்.

ஜானகிக்கு வராத கடிதங்கள்

சொல்லாமல் வைப்பது அறிவாளி, அறிவில்லாதவர் பார்த்து வருவதில்லை. கணித மேதை ராமானுஜனைப் பாருங்கள். 1909இல் அவருக்கும் ஜானகிக்கும் கல்யாணம் நடந்தபோது ஜானகி சிறுமி. 1914 மார்ச்சில் ராமானுஜன் தனியாகக் கப்பலேறினார். மனைவி மாமியார் கோமளத்தம்மாளோடு கும்பகோணத்தில். அங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவர் எழுதிய கடிதங்கள் தன் கைக்கு வந்துசேரவில்லை, தான் எழுதியதும் அவருக்குப் போகவில்லை என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொன்னார். மனைவி எழுதவே இல்லை என்று கேம்பிரிட்ஜில் ஒருவர் நினைத்துக்கொண்டிருக்க, கணவர் மறந்தேவிட்டார் என்று இங்கே ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே உலகப் போர். சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். 1917இல் உடம்பு விழுந்து, சானடோரியம் மாற்றி சானடோரியம். 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஊழியர் ஒருவர் சமயத்தில் ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டி கல்லூரியும் ஃபெலோ ஆக்கியது. வெளியே உச்சம், உள்ளே பாதாளம், இரண்டும் ஒரே வருடத்தில்.

கூடவே இருந்தவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி. ராமானுஜனின் மேதைமையைக் கண்டுகொண்டவர், அவர்மேல் உண்மையான அன்பு வைத்திருந்தவர். ஏறக்குறைய தினமும் சந்தித்தும், கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு சொற்பொழிவில் அவர் வருந்தினார். அப்போதும் அவர் வருந்தியது ராமானுஜன் இளமையில் என்னென்ன கணக்குப் புத்தகம் படித்தார் என்று கேட்காமல் போனதற்காக! ‘வீட்டிலிருந்து கடிதம் வருகிறதா?’ என்ற கேள்வி அந்தக் கால ஆங்கிலேயருக்கு அநாகரிகமாகப் பட்டிருக்கும். கும்பகோணத்துப் பிள்ளைக்கு, தானாக அதைச் சொல்வது அதைவிட அநாகரிகம்.

1919இல் ராமானுஜன் நோயாளியாகத் திரும்பி வந்தார். அந்தக் கடைசி ஒரு வருடம், தன்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இளம் மனைவியின் கையில் கொடுத்தார். வலிக்கும் இடத்தில் ஒத்தடம் கொடுத்து, வேளைக்கு ஆகாரம் கொடுத்து, ஜானகி பக்கத்திலேயே இருந்தார். படுக்கையில் கிடந்தபடியே அவர் எழுதித் தள்ளிய கணிதம்தான், ‘மாக் தீட்டா’ சார்புகள் உள்ளிட்டவை, இன்றும் ஆய்வாளர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. மனைவி பக்கத்தில் இருந்ததால்தான் அந்தக் கணக்குகள் வந்தன என்று சொன்னால் அது கதை. சாய்ந்து கிடந்த காலத்தில் அவர் மூளை சோம்பிவிடவில்லை என்பது மட்டும் உண்மை. 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில், சென்னை சேத்துப்பட்டில் காலமானார். ‘தாங்க மாட்டாள்’ என்று யாரும் நினைத்திருக்கக்கூடிய அந்தப் பெண், தையல் வேலை செய்து தன் காலில் நின்று, திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார்.

கையைப் பிடித்தால் போதும்

சாய்ந்தால் பலம் குறையும் என்ற பயத்துக்கு விஞ்ஞானமும் பதில் சொல்லியிருக்கிறது. 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 16 திருமணமான பெண்களை மூளை ஸ்கேன் எந்திரத்தில் படுக்க வைத்து, லேசான மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று அறிவித்தார்கள். தனியாக இருந்தபோது மூளையில் பய எச்சரிக்கை பலமாக எழுந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோது கொஞ்சம் அடங்கியது. கணவர் கையைப் பிடித்திருந்தபோது நன்றாகவே அடங்கியது. அதிலும், தாம்பத்தியம் நல்லபடியாக இருந்தவர்களுக்கு அதிகமாக. புரூக் ஃபீனி என்பவர் அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு, துணைமேல் சாய அனுமதி உள்ளவர்கள் சில மாதங்களில் தங்கள் காரியங்களில் கூடுதலாகச் சொந்தக் காலில் நின்றார்கள் என்று காட்டியது. சாயவிட்டால் ஒட்டிக்கொள்வார்கள் என்பது நம் பயம், நடந்தது நேர்மாறு.

நம் வீடுகளுக்கு அதிகம் வேண்டியது இன்னோர் ஆய்வு. நியால் போல்ஜரும் சகாக்களும் 2000இல் வெளியிட்டது. நியூயார்க்கில் வக்கீல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் எடுத்துக்கொண்டார்கள். இருவரும் தினமும் தனித்தனியாகக் குறிப்பெழுத வேண்டும்: இன்று ஆதரவு கொடுத்தேனா, ஆதரவு கிடைத்ததா, மனசு எப்படி இருக்கிறது. ‘இன்று துணை எனக்கு உதவினார்’ என்று பரீட்சைக்காரர் எழுதிய நாளுக்கு மறுநாள் அவர் மனசு சோர்ந்திருந்தது. ‘உதவினேன்’ என்று துணை எழுதி, பரீட்சைக்காரர் அதைக் கவனிக்காமலேயே விட்ட நாளுக்கு மறுநாள்தான் அவர் தெம்பாக இருந்தார்.

இதை டி.என்.பி.எஸ்.சி. குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிற மனைவியை வைத்து யோசித்தால் சட்டென்று பிடிபடும். “நான்தான் சமையல், துணி எல்லாம் பார்த்துக்கறேன்ல, நீ படி” என்று தினமும் வாசற்படியில் நின்று அறிவிக்கிற கணவர் ஒரு ரகம். அவர் செய்வது உண்மையான உதவிதான். ஆனால் ஒவ்வொரு முறையும், ‘உன்னால் தனியாக முடியாது, நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்’ என்பதும் கூடவே வந்து விழுகிறது. தண்ணீர் கேன் தீர்ந்ததை அவள் பார்ப்பதற்கு முன்பே மாற்றி வைத்துவிட்டு, பேச்செடுக்காமல் போகிறவர் இன்னொரு ரகம். நம் பாட்டிகள் இதை எந்த ஆய்வும் இல்லாமல் ஒரே வார்த்தையில் கண்டித்தார்கள்: செய்துவிட்டுச் சொல்லிக்காட்டாதே.

வயதான பெற்றோர் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. நாற்பது வருடம் வீட்டைத் தூக்கி நிறுத்திய அப்பாவுக்குப் பக்கவாதம் வருகிறது. குளிக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. கொடுத்தே பழகியவருக்கு வாங்கத் தெரியவில்லை. “உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்” என்று ஆரம்பித்துவிடுவார். “அப்படியெல்லாம் இல்லப்பா” என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, கரண்ட் பில் கட்டும் பொறுப்பை அவர் போனிலேயே விட்டுவைப்பதும், பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வதும், வீட்டு விஷயத்தில் அவர் யோசனையைக் கேட்பதும் வேலை செய்யும். வாங்குகிற கைக்குக் கொடுப்பதற்கும் ஏதாவது இருக்க வேண்டும்.

யாரிடம், எவ்வளவு?

ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். காதலை முதலில் சொல்வது, தப்பை ஒத்துக்கொள்வது, உதவி கேட்பது போன்றவற்றை நாம் செய்வதாக நினைத்தால் அசிங்கமாகப் படுகிறது; அதையே இன்னொருவர் செய்தால் தைரியசாலி என்கிறோம். எனவே, ‘என்ன நினைப்பாங்களோ’ என்று குமைகிறவர்கள், அவர்கள் நினைக்கப்போவது நாம் பயப்படுகிற அளவுக்கு மோசமாக இருக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக, வீட்டில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்டக் கூடாது. முதலில் பிள்ளைகள். ‘அவ எனக்கு மக இல்ல, ஃபிரண்டு’ என்று பெருமையாகச் சொல்கிற அம்மாக்களைப் பார்க்கிறோம். பன்னிரண்டு வயதுப் பெண் அம்மாவுக்கு நல்ல தோழிதான். ஆனால், அப்பாவைப் பற்றிய அத்தனை புகாரையும் கேட்டுக்கொண்டு, ராத்திரி அம்மா தூங்கிவிட்டாளா என்று எழுந்து பார்க்கிற அந்தக் குழந்தைக்கு அம்மா எங்கே? பிள்ளைகளிடம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. ‘அப்பாவுக்கு வேலை போயிருக்கு, கொஞ்ச நாள் சிக்கனமா இருக்கணும், வேற வேலை தேடிக்கிட்டிருக்கார்’ என்று நடந்ததையும் செய்யப்போவதையும் சொல்லலாம். அதற்கு மேல் உள்ள பயத்தையும் ஆத்திரத்தையும் சுமக்கப் பெரியவர்கள் வேண்டும்.

இரண்டாவது, குத்திக்காட்டுகிறவர்கள். போன தீபாவளிக்கு அழுதுகொண்டே சொன்னதை இந்தப் பொங்கல் சண்டையில் எடுத்து வீசுகிறார் என்றால், அங்கே கதவைச் சாத்துவதுதான் புத்திசாலித்தனம். தன் ரகசியம் தனக்கு எதிராகத் திரும்பும் என்று தெரிந்தும் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பதை நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். கை நீட்டுகிற ஆளிடம் ‘இன்னும் மனசு விட்டுப் பேசிப் பாரு’ என்று அந்தப் பெண்ணுக்கு ஆலோசனை சொல்கிற உறவினர்கள், தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. பேச்சுவார்த்தையெல்லாம் அடிக்குப் பயப்படாமல் உட்காரக்கூடிய இடத்தில்தான்.

இந்த மூன்றும் இல்லாத சாதாரண வீடுகளுக்கு வருவோம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் சொல்லாமலிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லலாம்: ‘மூணு லட்சம் கடன் இருக்கு. ஆன்லைன் ரம்மில போச்சு. வட்டி கட்டல.’ தொகையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். மூன்றை ஒன்று என்று சொல்லி, மீதி இரண்டு பிறகு வெளியே வந்தால், முதலில் சொன்ன ஒன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு, எதிராளியிடம் என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘வளையலை வெச்சு அடைக்கலாமான்னு கேக்கறேன்’ என்பது ஒன்று. ‘நீ எதுவும் செய்ய வேணாம், சும்மா கேளு போதும்’ என்பது வேறொன்று. இது தெளிவாகாததால்தான், புலம்ப வந்த மனைவிக்குக் கணவர் யோசனைகளாக அடுக்குகிறார். யோசனை கேட்டு வந்த கணவருக்கு மனைவி கண்ணீரைப் பதிலாகத் தருகிறார்.

பேச்சு சண்டையாகச் சூடேறினால் நிறுத்துவதும் திடம்தான். தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்த ஜான் காட்மேன், நாடித்துடிப்பு நூறைத் தாண்டிவிட்டால் காதில் எதுவும் ஏறாது, 20 நிமிடமாவது விலகியிருங்கள் என்கிறார். யார் விவாகரத்து செய்வார்கள் என்று அவர் சொன்ன ஜோசியக் கணக்குகளைச் சக ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்த 20 நிமிட யோசனையில் பழுதில்லை. ஒரே நிபந்தனை: ‘மாடிக்குப் போயிட்டு வரேன், வந்து பேசறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வர வேண்டும். வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் ‘சாப்பாடு வெச்சாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லுடா’ என்று பிள்ளை மூலம் குடித்தனம் நடத்துவது வேறு சமாசாரம். அதற்குத் திடம் என்று பெயரில்லை.

கேட்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்ற மூன்று வார்த்தைகள் நம் வீடுகளில் எத்தனை வாய்களை மூடியிருக்கின்றனவோ! நீங்கள் அப்பவே சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அந்த வாக்கியத்தை மட்டும் அன்றைக்குச் சொல்லாதீர்கள். கோபம் வந்தால் வரட்டும், அழுகை வந்தால் அழுங்கள். மறுநாள் காலையில் ஒரு நோட்டை எடுத்து யார் யாருக்கு எவ்வளவு என்று இருவருமாக எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் முறை வரும். அன்றைக்கு அவர் நோட்டை எடுக்கட்டும்.

அன்பான துணை இருந்தும் தீராதவை உண்டு. தொடர்ந்து தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துப்போகலாம் போல எண்ணம் வருகிறது என்றால், அது துணையின் தோள் தாங்குகிற கனமில்லை. மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104லும் பேசலாம். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் ‘சினேகா’வின் எண் 044-24640050. உங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்கிற ஒருவர் இருந்தால், இந்த எண்களை அவர் போனில் இன்றைக்கே பதிந்து கொடுங்கள்.